உணவும் அருளும்

உண்ணும் உணவுக்கும் உள்ளத்தின் பக்குவத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை இந்திய மண்ணில் தோன்றிய சமயங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் ஏற்கின்றன. அந்தத் தொடர்பு எத்தகையது என்பதில்தான் அவை பிரிகின்றன. உணவே மனத்தை ஆக்குகிறது, ஆகவே தூய உணவை உண்பவனுக்கு மனமும் தூய்மையாகும் என்பது ஒரு பார்வை. எதை உண்கிறோம் என்பதைவிட எவ்வளவு உண்கிறோம், நாக்கு யாருக்கு அடங்கியிருக்கிறது என்பதே முக்கியம் என்பது இன்னொரு பார்வை. மூன்றாவது பார்வை உண்பவனைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உணவாகிப்போகும் உயிரையும் உணவில்லாமல் வாடும் உயிரையும் பார்க்கிறது. தமிழில் இம்மூன்றும் பேசப்பட்டுள்ளன. ஆனால் வள்ளுவரிடமிருந்து வள்ளலார் வரை வரும் நெடிய மரபில் மூன்றாவதே ஆழமாக வேர்கொண்டிருக்கிறது. அது ஏன் என்று அறிய, மற்ற இரண்டையும் அவற்றுக்கு உரிய மதிப்போடு முதலில் பார்க்க வேண்டும்.

உணவு மனத்தை ஆக்குகிறது என்ற கருத்து சாந்தோக்கிய உபநிடதத்தில் தெளிவாக வருகிறது. அதன் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசம் செய்கிறார். உண்ட உணவில் பருமையான பகுதி மலமாகக் கழிகிறது, நடுப்பகுதி தசையாகிறது, மிக நுண்ணிய பகுதி மனமாகிறது என்கிறார். தயிரைக் கடையும்போது அதிலுள்ள நுண்மை மேலே திரண்டு வருவதை உவமையாகக் காட்டுகிறார். மகனுக்கு விளங்கவில்லை. 15 நாள் ஒன்றும் உண்ணாதே, தண்ணீர் மட்டும் குடி என்று தந்தை சொல்ல, மகன் அப்படியே இருந்துவிட்டு வருகிறான். வேதத்தை ஓது என்றால் அவனுக்கு ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பப்பட்டவன், திரும்பி வந்து கேட்டதற்கெல்லாம் விடை சொல்கிறான். பழைய நூல்களில் இவ்வளவு நேரடியான சோதனையைக் காண்பது அரிது. இந்தக் கதை பட்டினியைப் புகழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சோறு இல்லாத வயிற்றில் கற்ற கல்வியும் அணைந்துபோகும் என்பதே தந்தை காட்டிய பாடம். தைத்திரீய உபநிடதமும் மனிதனை அறியத் தொடங்கும் இடம் அன்னமய கோசம், அதாவது உணவால் ஆன உடம்பு. அதில் வரும் பிருகு தவமிருந்து பிரம்மத்தைத் தேடும்போது அவருக்கு முதலில் தோன்றும் விடையும் அன்னமே.

அதே சாந்தோக்கியம் ஏழாம் அத்தியாயத்தின் முடிவில், ஆகாரத் தூய்மையிலிருந்து உள்ளத் தூய்மைக்கும், அதிலிருந்து நிலைத்த நினைவுக்கும், அதிலிருந்து விடுதலைக்கும் ஒரு படிவரிசை சொல்கிறது. இந்த ஒரே இடத்தை இரண்டு பெரிய ஆசாரியர்கள் இரண்டு விதமாகப் படித்தார்கள். சங்கரர், ஆகாரம் என்றால் உள்ளே எடுத்துக்கொள்ளப்படுவது என்ற வேர்ப்பொருளைப் பிடித்தார். கண் வழியாகவும் காது வழியாகவும் உள்ளே புகும் புலனனுபவம் எல்லாம் ஆகாரமே. அது விருப்பு, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றால் கறைபடாமல் இருப்பதே ஆகாரத் தூய்மை என்றார். இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் ஆகாரத்தை உண்ணும் உணவாகவே கொண்டார். உணவுக்கு மூன்று குற்றங்கள் வரலாம் என்ற பழைய உரையை அவர் ஏற்றார். பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றம் ஒன்று. பூண்டு, வெங்காயம் போன்றவற்றை இதில் சேர்ப்பார்கள். உணவு யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வரும் குற்றம் இரண்டாவது. எச்சில் படுதல், மயிர் விழுதல் போல் இடையில் நேரும் குற்றம் மூன்றாவது.

இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுத்தாக வேண்டியதில்லை. உடம்புக்குள் போவதையும் மனத்துக்குள் போவதையும் சேர்த்தே காக்கலாம். ஆனால் நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. இராமானுசர் சொன்ன மூன்றில் இரண்டாவது, அதாவது உணவைத் தருபவரால் வரும் குற்றம், அவருடைய நோக்கத்தைத் தாண்டி வளர்ந்தது. சமைப்பவரின் ஒழுக்கத்தையும் மனநிலையையும் குறிக்க வேண்டியது, சமைப்பவரின் பிறப்பைக் குறிப்பதாகச் சுருங்கியது. யார் கையால் உண்பது, யாரோடு அமர்வது, யார் பார்வை பட்டால் இலையை விட்டு எழுவது என்று விதிகள் பெருகின. 1897இல் தமிழ்நாட்டில் பயணம் செய்த விவேகானந்தர், மானாமதுரையில் வரவேற்புக்கு மறுமொழி சொன்னபோது, சமயம் சமையலறைக்குள் போய் அடைந்துகொண்டுவிட்டது என்று கடிந்து பேசினார். உணவுத் தூய்மை வேண்டாம் என்பது அவர் கருத்து அன்று. மூன்று குற்றங்களைப் பற்றி அவரே விளக்கியிருக்கிறார். உணவைக் காத்துக்கொண்டு மனிதனைத் தள்ளியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கடிதல் நியாயமானது. தூய்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் எந்த உணவு நெறியும் இந்தச் சரிவை நோக்கியே நகர்கிறது.

சாத்விகம், ராஜசம், தாமசம் என்ற பகுப்பு இன்று பரவலாகப் பேசப்படுகிறது. இதன் பிறப்பிடம் பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம். ஆனால் கீதை சொல்வதும் வழக்கில் சொல்லப்படுவதும் முழுவதும் ஒன்றல்ல. கீதை அங்கே எந்தக் காய்கறியின் பெயரையும் சொல்லவில்லை. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. வாழ்நாளையும் வலிமையையும் மகிழ்ச்சியையும் வளர்க்கும், சாறும் நெய்ப்பும் உடைய உணவு ஒரு வகை. கசப்பும் புளிப்பும் உப்பும் காரமும் மிகுந்து, பின்னால் துன்பம் தருவது இன்னொரு வகை. ஆறிப்போனதும் சுவை கெட்டதும் எச்சிலானதும் மூன்றாம் வகை. அது பேசும் முறையும் நுட்பமானது: இன்ன குணமுடையவர்களுக்கு இன்ன உணவு விருப்பமாக இருக்கும் என்றே அது சொல்கிறது. குணம் முன்னே வருகிறது, விருப்பம் பின்னே வருகிறது. உணவை மாற்றினால் குணம் மாறும் என்ற பிற்கால நம்பிக்கைக்கு அதில் இடம் உண்டு என்றாலும், உணவு விருப்பம் உள்ளே இருப்பதைக் காட்டும் அடையாளம் என்பதே அந்த வரிகளின் முதற்பொருள். அமாவாசையிலும் திவசத்திலும் தமிழ் வீடுகளில் வெங்காயம், பூண்டு சேர்க்காமல் சமைப்பது தர்ம சாஸ்திரங்களின் வழி வந்தது. மனு நூலில் அவற்றுக்கு வெளிப்படையான விலக்கு உண்டு.

அளவைப் பற்றிய சிந்தனை இந்தப் பட்டியல்களை விடப் பயனுள்ளது. சித்தார்த்தர் ஆறு ஆண்டுகள் உடம்பை ஒடுக்கித் தவம் செய்து எலும்பும் தோலுமானார். அந்த வழியில் ஞானம் வரவில்லை. சுஜாதை தந்த பால்சோற்றை உண்டார். உடனிருந்த ஐந்து தவசிகள் அவர் தவத்தைக் கைவிட்டுவிட்டதாக எண்ணிப் பிரிந்தனர். வயிற்றில் வலு வந்தபின் அமர்ந்தபோதுதான் அவர் தேடியது கிட்டியது. பிற்காலத்தில் அவர் வகுத்த சங்கத்தில் பிக்குகள் நண்பகலுக்குப் பின் உணவு கொள்வதில்லை. பட்டினியும் இல்லை, பெருந்தீனியும் இல்லை. திருமூலரும் முதலில் உடம்பை இழிவாக எண்ணியிருந்து, பின் அதற்குள்ளேயே இறைவன் குடியிருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். வள்ளுவர் அளவோடு உண்பதை மருந்து என்ற அதிகாரத்தில் வைத்தார். அது பொருட்பாலில் இருக்கிறது. முன்னே உண்டது செரித்ததை அறிந்து உண்பது உடல்நலம் சார்ந்த அறிவு என்பது அவர் கணக்கு. ரமணர் நான் யார் என்ற சிறு நூலில், நியமங்கள் எல்லாவற்றிலும் மிதமான சாத்விக உணவே சிறந்தது என்று இரண்டையும் ஒரே தொடரில் இணைத்துவிட்டார். அதற்கு மேல் அவர் விதிகளை அடுக்கவில்லை.

நாவடக்கத்தை இன்னும் கடுமையாக எடுத்துக்கொண்டவர் காந்தி. சுவைக்காக உண்ணாமை அவருடைய ஆசிரமத்தின் பதினொரு விரதங்களில் ஒன்று. 1912இல் தென்னாப்பிரிக்காவில் அவர் பாலை விட்டார். உணர்ச்சியைத் தூண்டும் என்ற எண்ணம் ஒருபுறம். கறவை மாடுகள் படும் கொடுமையைப் பற்றிப் படித்தது மறுபுறம். 1918இல் கடும் நோயில் விழுந்தபோது, விரதம் எடுத்தபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தானே என்று கஸ்தூர்பா நினைவூட்ட, ஆட்டுப்பால் குடித்துப் பிழைத்தார். சொல்லைக் காத்தேன், அதன் உயிரைக் காக்கவில்லை என்ற பொருளில் அவரே அதைத் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதல் இன்றைய சைவ உணவினருக்கும் உரியது. பாலுக்காக வளர்க்கப்படும் மாட்டின் ஆண்கன்று எங்கே போகிறது என்ற கேள்விக்கு, தட்டில் கறி இல்லை என்பது மட்டும் விடையாகாது.

விரதமும் நோன்பும் அளவின் உச்ச வடிவங்கள். ஏகாதசியிலும் சஷ்டியிலும் ஒருபொழுது இருப்பது தமிழ் வீடுகளின் வழக்கம். அரிசிச் சோற்றை மட்டும் விலக்கிவிட்டு இட்லியும் அடையும் உப்புமாவுமாக வயிறு நிறைய உண்பது விரதத்தின் பெயரைக் காக்கிறது, நோக்கத்தை இழக்கிறது. யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாளும் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், தொடாத வீடுகள் மிகுதி. இசுலாமியர்களின் ரமலான் நோன்பில் பசியும் கொடையும் சேர்ந்தே விதிக்கப்பட்டிருக்கின்றன. நோன்பு நோற்க இயலாதவர் ஏழைக்கு உணவளித்து அதை ஈடுசெய்கிறார். பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்கு உணவு தானியமோ அதன் மதிப்போ சேர்ந்துவிட வேண்டும். தமிழகப் பள்ளிவாசல்களில் மாலையில் ஊற்றப்படும் நோன்புக் கஞ்சியை அக்கம்பக்கத்துப் பிற சமயத்தவரும் தூக்குவாளியில் வாங்கிப் போவதுண்டு. கிறித்தவர்களின் 40 நாள் தவக்காலமும் நோன்பையும் தருமத்தையும் இணைத்தே பேசுகிறது. தன் பசி அடுத்தவர் பசியை அறிவதற்கான பயிற்சியாகும்போதுதான் நோன்பு பயன் தருகிறது என்பதில் இவை ஒன்றுபடுகின்றன.

சமணம் இந்த வழியில் எல்லை வரை சென்றது. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை, மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளை விலக்குதல், இறுதியில் உணவை முற்றும் துறந்து உயிர்விடும் சல்லேகனை வரை அதன் நெறி நீள்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற ஆசிரியரைக் குறிக்கும் பழங்கல்வெட்டு இருக்கிறது. சங்க காலத்து அரசர்கள் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்ட வடக்கிருத்தல் மானத்துக்காக மேற்கொண்டது. சமணத் துறவியின் நோன்பு வினையைக் கழிப்பதற்காக மேற்கொண்டது. இரண்டும் வாழ்வின் முடிவைச் சேர்ந்தவை. வாழ்வை நடத்திச் செல்லும் உணவு நெறியை அங்கே தேட முடியாது.

இனி ஊன் உணவு. சங்கத் தமிழர் ஊனும் கள்ளும் உண்டவர்கள்; அதில் கூச்சமும் இல்லை, மறைப்பும் இல்லை. தம் கை மென்மையாக இருப்பதற்குக் காரணம் ஊனும் சோறும் உண்பதைத் தவிர வேறு வருத்தும் தொழில் அறியாமையே என்று சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் கபிலர் சொல்வது புறநானூற்றில் இருக்கிறது. கபிலர் அந்தணர். இந்தப் பின்னணியை வைத்துப் பார்த்தால்தான் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரத்தை வள்ளுவர் எழுதியது எவ்வளவு பெரிய திருப்பம் என்பது புரியும்.

அந்த அதிகாரம் நூலில் 26ஆவது. அதற்கு முன் நிற்பது அருளுடைமை, பின்னே வருவது தவம். மேடைகளில் இந்த வைப்புமுறை அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் கருத்தின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது. இல்லறவியலில் விருந்தோம்பலை விரித்துப் பேசிய வள்ளுவர், விருந்தினருக்கு எதைப் பரிமாற வேண்டும் என்று விதிக்கவில்லை. அருள் வழியில் நடக்கத் தீர்மானித்தவனிடமே ஊனை விடச் சொல்கிறார். காரணங்களும் அருளைச் சுற்றியே அமைகின்றன. தன் உடம்பு பெருக்க இன்னோர் உடம்பைத் தின்பவன் எப்படி அருளாளன் ஆவான் என்று கேட்கிறார். ஊன் என்பது இன்னோர் உயிரின் புண் என்று அதன் உண்மைப் பெயரைச் சொல்கிறார். வேள்வி ஆயிரம் செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று உண்ணாமை மேல் என்று, தம் காலத்தின் பெருஞ்சடங்கை எதிரே நிறுத்தி எடைபோடுகிறார். ஊன் உடம்பைச் சூடாக்கும், அறிவை மழுங்கச் செய்யும் என்பது போன்ற வாதம் ஒன்றும் அங்கே இல்லை.

மனத்துக்கு வரும் கேட்டைப் பற்றி அவர் சொல்லாமலும் இல்லை. படைக்கலம் ஏந்தியவனின் நெஞ்சைப் போலவே ஊனைச் சுவைத்தவனின் நெஞ்சும் நன்மையை நாடாது என்கிறார். கத்தியைக் கையில் எடுத்தவனுக்கு எதிரே நிற்பவன் வெட்டப்பட வேண்டிய பொருளாகத் தெரியத் தொடங்குகிறான். சுவைக்குப் பழகியவனுக்கும் ஆடும் கோழியும் கறியாகவே தெரியத் தொடங்குகின்றன. ஒன்றை உயிராகப் பார்க்கும் கண் மெல்லப் பழுதாகிறது. உத்தாலகர் சொன்ன நுண்பகுதிக் கணக்கு இல்லாமலே உணவு மனத்தை ஆக்கும் வழி ஒன்றை வள்ளுவர் கண்டுவிட்டார். உணவு மனிதனை மாற்றுவது அவன் எதைக் காணப் பழகுகிறான், எதைக் காணாமலிருக்கப் பழகுகிறான் என்பதன் மூலம். உணவையும் ஆன்மிகத்தையும் பற்றித் தமிழில் சொல்லப்பட்டவற்றுள் மிகவும் உறுதியான வாதம் இதுவே.

வாங்குபவன் இல்லாவிட்டால் விற்பவன் இருக்கமாட்டான் என்ற வாதமும் அந்த அதிகாரத்தில் வருகிறது. இது ஒரு பழைய விவாதத்துக்கு விடை. பௌத்த பிக்கு, தனக்காகக் கொல்லப்பட்டதாகப் பார்க்காத, கேட்காத, ஐயுறாத ஊன் பிச்சையில் விழுந்தால் உண்ணலாம் என்பது பாலி நூல்களில் உள்ள விதி. பிக்குகள் எல்லாரும் ஊனை விலக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவரான தேவதத்தன் கேட்டபோது புத்தர் அதைக் கட்டாயமாக்க மறுத்தார். வந்ததை உண்ணும் துறவிக்கு விருப்பு வெறுப்பு கூடாது என்ற நியாயம் அதில் உண்டு. பின் வந்த மகாயானத்தின் இலங்காவதார சூத்திரம் ஊனை முற்றும் விலக்கியது. தமிழ்ச் சமணர்களின் நீலகேசி, கொன்றவன் வேறு, தின்றவன் வேறு என்ற சமாதானத்தைப் பௌத்தர்களோடு வாதிட்டு மறுக்கிறது. சந்தைக்கு வரும் கறிக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது என்பதில் ஐயமில்லை. காசு கொடுப்பவரும் அந்தக் கொலையில் பங்காளி. பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த உணவுக்கு அதே கணக்கைப் போடுவது கடினம்.

காலப்போக்கில் தமிழில் ஒரு சமயத்தின் பெயரே உணவின் பெயராயிற்று. சைவம் என்றால் சிவநெறி. இன்று உணவகப் பலகையில் அது மரக்கறி உணவைக் குறிக்கிறது. ஆனால் அந்தச் சைவம் நெஞ்சில் வைத்துப் போற்றும் அடியார்களில் முதல் வரிசையில் நிற்பவர் கண்ணப்பர். காளத்தி மலையில் வேட்டையாடிய பன்றி இறைச்சியை வாயில் இட்டுச் சுவை பார்த்து, நல்லதைப் பொறுக்கிச் சிவனுக்குப் படைத்த வேடர் அவர். ஆகம முறைப்படி பூசை செய்த சிவகோசரியார் அந்த எச்சில் ஊனைக் கண்டு துடித்தார். ஆறாம் நாள், சிவலிங்கத்தின் கண்ணில் குருதி வழிந்தபோது கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார். மறைந்திருந்து பார்த்த சிவகோசரியாருக்கு அன்பின் அளவு விளங்கியது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இதை விரித்துப் பாடினார். ஊன் உண்ணலாம் என்பதற்கு இந்தக் கதை சான்று ஆகாது. உணவைக் கொண்டு ஒருவரின் பக்தியை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றும் இல்லை. மீன் உண்ணாததைப் பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்து, மீன் வாழும் நீரில்தானே குளிக்கிறீர்கள், அதையே குடிக்கிறீர்கள் என்று சிவவாக்கியர் கேட்டதும் அதே திசையில்தான்.

ஊர்த்தெய்வங்களின் வழிபாடு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. கருப்பசாமிக்கும் மதுரைவீரனுக்கும் கிடா வெட்டும்போது, பல கோயில்களில் அய்யனார் சன்னதிக்குத் திரை போடுவார்கள். அய்யனார் ஊன் கொள்ளாத தெய்வம். ஒரே வளாகத்தில் இரண்டு உணவு நெறிகள் ஒரு திரையின் இருபுறமும் இடம் பெறுகின்றன. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950இலேயே இயற்றப்பட்டது. 2003இல் அது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது கிராமங்களில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2004இல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த மக்களின் எதிர்ப்பில் ஒரு நியாயமான மனக்குறை இருந்தது. பலியிட்ட கிடாவின் கறியை ஊரோடு பகிர்ந்து உண்பது அவர்களின் வழிபாடு. அதை இழிவென்று தீர்ப்பளித்தவர்களில் பலர் கசாப்புக் கடையைப் பற்றிப் பேசவில்லை. கொல்லாமையை அருளிலிருந்து பிரித்துத் தகுதிச் சான்றிதழாக்கினால் இதுதான் நேரும். நகரங்களில் சைவம் உண்பவர்களுக்கு மட்டும் வாடகைக்கு வீடு என்று எழுதித் தொங்கவிடும் பலகை புலால் மறுத்தலின் வாரிசாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். வள்ளுவர் அதை ஏற்கமாட்டார்.

வள்ளுவரின் கணக்கில் மறுத்தலோடு கொடுத்தலும் உண்டு. கொல்லாமை அதிகாரத்திலேயே, இருப்பதைப் பகிர்ந்து உண்டு பல உயிர்களையும் காப்பதை அறங்களுள் தலையாயதாக வைக்கிறார். ஈகை அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: பசியைப் பொறுத்துக்கொள்ளும் தவசியின் ஆற்றல், அந்தப் பசியை மாற்றுபவரின் ஆற்றலுக்குப் பின்புதான். நோன்பிருப்பவரைவிடச் சோறு போடுபவர் உயர்ந்தவர் என்று ஒரு துறவற மரபின் நடுவே நின்று சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

மணிமேகலை அந்தத் துணிவைக் கதையாக்கியது. வேள்வியில் பலியாகவிருந்த பசுவைக் காப்பாற்றியதால் ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஆபுத்திரன், மதுரையில் பிச்சை எடுத்துக் குருடருக்கும் முடவருக்கும் கொடுத்து, எஞ்சியதை உண்டு வாழ்கிறான். அவன் தவிப்பைக் கண்டு சிந்தாதேவி அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தருகிறாள். பின்னர் நாடெங்கும் மழை பெய்து வளம் பெருகி, உண்பவரைத் தேடினாலும் கிடைக்காமல் போகிறது. பசித்தவரைத் தேடிக் கப்பலேறியவன், ஆளில்லாத மணிபல்லவத்தில் தனியே விடப்படுகிறான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும், தான் மட்டும் உண்ண மனம் வராமல் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணா நோன்பிருந்து இறக்கிறான். அதே பாத்திரம் பின்பு மணிமேகலையின் கைக்கு வருகிறது. அவள் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். பசுவைக் காத்ததும் பசியைத் தீர்த்ததும் ஆபுத்திரனிடம் ஒரே குணத்தின் இரு செயல்கள். தமிழ் மரபு புலால் மறுத்தலையும் சோறிடுதலையும் இப்படித்தான் ஒன்றாகக் கண்டது.

இதைக் கோட்பாடாகவும் நிறுவனமாகவும் ஆக்கியவர் வள்ளலார் இராமலிங்கர். 1823இல் சிதம்பரம் அருகே மருதூரில் பிறந்த அவர், ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் பசியை ஆராய்ந்திருக்கிறார். பசி வந்தவனுக்கு அறிவு மங்குவதையும், கண் பஞ்சடைவதையும், காது அடைபடுவதையும், நம்பிக்கை தளர்வதையும், கடைசியில் உயிரின் விளக்கமே குறைவதையும் அவர் வரிசையாகச் சொல்லும் இடம், பட்டினியை அருகிருந்து பார்த்தவர் எழுதியது என்பதில் சந்தேகம் வராது. சுவேதகேதுவின் 15 நாள் சோதனையில் தெரிந்த அதே உண்மை இங்கே கடமையாக மாறுகிறது. பசித்த உடம்பில் கடவுள் விளக்கம் மறைகிறது என்றால், சோறு போடுவது அந்த விளக்கத்தை மீண்டும் ஏற்றுவது. ஆகவே அதுவே வழிபாடு. மோட்ச வீட்டின் திறவுகோல் ஜீவகாருண்யமே என்பது அவர் முடிவு.

தம்மளவில் அவர் உணவைப் பற்றிய நுணுக்க விதிகளையும் தந்தார். நித்திய கரும விதியில் கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் இடம் பெறுகின்றன. அளவும் நேரமும் பேசப்படுகின்றன. ஆனால் அவருடைய அழுத்தம் வேறிடத்தில் இருந்தது. 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கான நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தனர். அன்று மூட்டிய அடுப்பை அணையா அடுப்பு என்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அதில் சமையல் நடந்துவருகிறது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து, 1872 ஜனவரியில், சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. அடுப்பு முதலில், சபை பிறகு என்ற இந்த வரிசை அவர் கருத்தோடு பொருந்துகிறது.

ஊன் உண்பவர்களை அவர் புற இனத்தார் என்றும், உண்ணாதவர்களை அக இனத்தார் என்றும் பிரித்தார். கடுமையான பிரிவு அது. மென்மைப்படுத்திச் சொல்ல வேண்டியதில்லை. தம் நெறியின் ஞானத்துக்குத் தகுதி புலால் மறுத்தவர்க்கே என்று அவர் உறுதியாக நின்றார். ஆனால் பசி என்று வந்தபோது அந்தப் பிரிவை அவரே நிறுத்திவைத்தார். பசித்தவருடைய தேசம், சமயம், சாதி, ஒழுக்கம் எதையும் விசாரிக்கக் கூடாது. புற இனத்தாருக்கும் பசி நீக்க வேண்டும் என்றார். தூய்மையைத் தகுதியாகக் கொண்ட மற்ற நெறிகள் தடுக்கி விழுந்த இடத்தை அவர் இப்படித்தான் கடந்தார்.

வடலூருக்குப் போகிறவர்கள் இதை இன்றும் நேரில் பார்க்கலாம். ஞானசபையின் வாயிலில், கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்ற அறிவிப்பு இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தருமச்சாலையில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. பந்தியில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் இலையில் சோறு விழும்.